எட்டு மில்லி கோணல்

செலின் டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. வேலை வரும்.

அம்சவேணிக்கு இது ஆறு மாதமாகத் தெரியும். தொழிற்பயிற்சி நிலையத்தில் சனிக்கிழமை தோறும் பெண்களுக்கான வாகனப் பராமரிப்பு வகுப்பு என்று போர்டு வைத்தபோது பதினான்கு பேர் சேர்ந்தார்கள். முதல் நாள் ஆயில் மாற்றி நகக்கண் கறுத்ததும் பாதிப்பேர் காணாமல் போனார்கள். மீதிப்பேர், "டீச்சர் ஒண்ணும் சொல்லியே தர மாட்டேங்கறாங்க" என்று குறைப்பட்டுக்கொண்டு போனார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு சிஷ்யை. சிஷ்யைக்கு வயது ஐம்பது. குருவுக்கு முப்பத்தெட்டு.

"டீச்சர், பிரேக் ஏன் கீச்சுங்குது?" என்று கேட்டால், "சக்கரத்தைக் கழட்டுங்கக்கா" என்பார் டீச்சர். அவ்வளவுதான் பாடம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்சவேணி போனில் கேட்டது பிரேக் பற்றியல்ல.

"டீச்சர், வண்டி இடது பக்கம் இழுக்குதா, இல்ல நான்தான் இழுக்கறனா? எனக்கு நாளைக்குள்ள தெரிஞ்சாகணும்."

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வர்றேன்" என்றார் டீச்சர். "போர்டிகோவைக் கூட்டி வைங்க."

கூட்டி வைத்தாள். கூட்டும்போது துடைப்பம் பட்ட பாடு துடைப்பத்துக்குத்தான் தெரியும்.

கோபம் வராமல் என்ன செய்யும்? ஐந்து மாதத்துக்கு முன்னால் காருக்குக் கிளட்ச் மாற்றினார்கள். அன்றிலிருந்து வண்டி இடது பக்கம் ஒதுங்குகிறது. ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பக் கொண்டுபோனாள். சூப்பர்வைசர் அவள் தலைக்கு மேலாகப் பின்னால் நின்ற கணவர் நாச்சிமுத்துவைப் பார்த்துக் கேட்டான்: "சார், மேடம் வண்டி எப்படி ஓட்டுவாங்க?"

மேடம் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். கையில் வண்டியின் காகிதங்களோடு. அவள் பேர் போட்ட காகிதங்களோடு.

மூன்று இடத்தில் வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் ஒரு தாளைத் துப்பியது.

"எல்லாம் பச்சையில இருக்குங்க மேடம்."

"பச்சையாவே இருக்கட்டும் தம்பி. வண்டி இழுக்குதே?"

"ஓட்ட ஓட்டப் பழகிடுமுங்க."

பழகிடும். மாமியாருக்கும் இதுதான் சொன்னார்கள், மூக்குக் கண்ணாடிக்கும் இதுதான் சொன்னார்கள், இப்போது ஸ்டீயரிங்குக்கும் இதேதான்.

நாச்சிமுத்துவும் ஒருநாள் ஓட்டிப் பார்த்தார். ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டே ரேஸ்கோர்ஸ் ரோட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நேராத்தான போகுது?" என்றார். தன் கை கோணலாக இருப்பதை அவர் பார்க்கவே இல்லை. அம்சவேணி சொன்னதற்கு, "உனக்குக் கையே இடது பக்கம் இழுக்குது" என்றார்.

போன வாரம் தெருமுனையில் இடது பக்கக் கண்ணாடி ஒரு கேட்டில் உரசி உடைந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. வண்டியை நாச்சிமுத்துவின் அக்கா மகன் பிரதாப் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவான். "அவன் கைக்குப் போனா வண்டி சரியாயிரும்." சொல்லிவிட்டு ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அவள் கையிலிருந்து எதையும் பிடுங்கியதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் அவள் பெயர். சாவி அவர் பையில்.

சனிக்கிழமை காலையில் அவர் அந்தச் சட்டையோடேயே அவிநாசிக்கு ஒரு காதுகுத்துக்குப் பஸ் ஏறினார். பஸ்ஸில்! காரை வீட்டில் நிறுத்திவிட்டு! அவள் ஓட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சாவி மட்டும் விருந்துக்குப் போயிற்று.

ஒன்பதுக்கு டீச்சரின் ஸ்கூட்டர் வந்தது. இரண்டு ஜாக்கி, தாங்கி நிறுத்த ஸ்டாண்டுகள், ஒரு நீளமான ஸ்பானர், நுனி கூம்பிய இரண்டு இரும்புக் கம்பிகள், சாக்பீஸ், நூலில் கட்டிய கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்று.

"சாவி?"

"அவிநாசியில கறிச்சோறு சாப்பிடுது."

"பரவால்லக்கா. இந்த வேலைக்குச் சாவி வேண்டாம்."

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். டீச்சர் சாக்கை விரித்துப் படுத்து அடியில் நுழைந்தார். பக்கத்தில் அம்சவேணியும் நைட்டிக்கு மேல் கணவரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு நுழைந்தாள்.

"இது என்னன்னு தெரியுதா?"

"சப்ஃப்ரேம். அடிச்சட்டம். எஞ்சின் இதுமேல உக்காந்திருக்கு. ரெண்டு முன்சக்கரமும் இதைப் பிடிச்சுத்தான் நிக்குது."

"கிளட்ச் மாத்தணும்னா?"

"இதை இறக்கணும்." சொன்னவள் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். "இறக்கினவன் திரும்ப மாட்டும்போது..."

"நாலு போல்ட்டு. போல்ட்டை விட ஓட்டை பெருசு. சட்டம் இப்படியும் உக்காரும், அப்படியும் உக்காரும்."

"அப்ப அந்தப் பாவி கோணலா மாட்டிட்டு என்னைக் கேட்டானா, எப்படி ஓட்டுவீங்கன்னு?"

"தெரியல. அளந்தாத்தான் தெரியும்." டீச்சர் தூக்குக்குண்டை அவள் கையில் கொடுத்தார். "சட்டத்தோட நாலு மூலையிலிருந்தும் தொங்க விடுங்க. குண்டு தொடுற இடத்துல புள்ளி வைங்க. புள்ளியை அளங்க."

"எதுல இருந்து அளக்க?"

டீச்சர் வெளியே நகர்ந்து எழுந்தார். "காபித்தூள் எங்கக்கா இருக்கு?"

காபித்தூள் இருக்கும் இடத்தைச் சொன்னாள். நாலு புள்ளி வைத்தாள். பக்கத்திலேயே காம்பவுண்டுச் சுவர் இருந்தது, வெள்ளையடித்து, ஈ ஏறினால் வழுக்கும் பதத்தில். அதிலிருந்து டேப்பை நீட்டினாள். முன் புள்ளிக்கு ஒரு அளவு. பின் புள்ளிக்கு இன்னொரு அளவு. கழித்துப் பார்த்தாள்.

இரண்டு விரற்கடை வித்தியாசம்!

டீச்சர் காபியோடு வருவதற்குள் அவள் அவிநாசியைப் பிடித்துவிட்டாள். நாச்சிமுத்து போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். பின்னால் மேளம் கேட்டது, பந்தியில் இலை போடுகிறவர்களின் கூச்சல் கேட்டது.

"ஏனுங்க, ரெண்டு விரக்கடை! நல்லாக் கேட்டுக்குங்க! உங்க ஒர்க்‌ஷாப்காரன் ரெண்டு விரக்கடை தள்ளி மாட்டியிருக்கான். என் கையில கோணல் இல்ல. அங்க பந்தியில இருக்கிற அத்தனை பேருக்கும் சொல்லுங்க!"

"யாரு, அம்சாவா? இலையில உக்காந்திருக்கேன் புள்ள, வெய்யி."

அவர் வைத்துவிட்டார். இருந்தாலும் அம்சவேணிக்கு ஐந்து மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு நிறைந்தது. காபியை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள்.

"எங்கிருந்து அளந்தீங்க?" என்றார் டீச்சர்.

"செவுத்துல இருந்து."

"செவுரு நேரா இருக்கா?"

"புதுச் செவுரு டீச்சர். போன வருஷம்தான்..." நாக்கு பாதியில் நின்றது.

போன வருஷம்தான் இடித்துக் கட்டினார்கள். ஈசான்ய மூலை வளர வேண்டும், அப்போதுதான் வீட்டில் காசு தங்கும் என்று வாஸ்துக்காரர் சொன்னார். நாச்சிமுத்து உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு, நல்லபடியாக நின்றிருந்த நேர்ச்சுவரை இடித்து, கேட்டுப் பக்கம் போகப் போக விலகும்படி சாய்த்துக் கட்டினார். "எதுக்குங்க கோணலாக் கட்டணும்?" என்று கேட்டவளுக்கு, "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று பதில் வந்தது. சண்டை போட்டுவிட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தவளும் இவள்தான். இன்று அதே சுவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டவளும் இவள்தான்.

காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"செவுத்தையும் நம்ப முடியாது, அந்தப் பச்சைத் தாளையும் நம்ப முடியாது, கட்டினவரையும் நம்ப முடியாது. பின்ன எதைத்தான் நம்பி அளக்கறது டீச்சர்?"

டீச்சர் மறுபடி அடியில் போய்ப் படுத்தார். சட்டத்துக்கு மேலே, காரின் தரைத்தகட்டை விரல்முட்டியால் தட்டினார்.

"இதை யாராவது கழட்டினாங்களா?"

"அது பாடி. அதை எப்படிக் கழட்ட முடியும்?"

"கழட்டாததுல இருந்து அளங்க."

பாடியில், கம்பெனியிலேயே போட்ட இரண்டு துளைகள் இருந்தன. அதிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு இரண்டு புள்ளி வைத்தாள். அங்கிருந்து சட்டத்தின் புள்ளிகளுக்குக் குறுக்கே நூல் பிடித்தாள். வலது துளையிலிருந்து இடது மூலைக்கு. இடது துளையிலிருந்து வலது மூலைக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் அதே விடை.

"எட்டு மில்லி" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"இடது பக்கமா?"

"ஆமா. எட்டே எட்டு மில்லி."

"ஏன்க்கா மூஞ்சி சுருங்குது?"

"அவர்கிட்ட ரெண்டு விரக்கடைன்னு கத்திட்டேனே டீச்சர். சொந்தக்காரங்க அத்தனை பேரும் கேட்டாங்க."

டீச்சர் தீவிரமாக யோசித்தார். "வேணும்னா சட்டத்தை ரெண்டு விரக்கடைக்குத் தள்ளி வெச்சிரலாமா?"

அம்சவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாது என்று இருந்தாள், வந்துவிட்டது.

சட்டத்துக்கு அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுத்து, நாலு போல்ட்டையும் தளர்த்தினார்கள். கழட்டவில்லை, தளர்த்தினார்கள், அவ்வளவுதான். அதற்கே அம்சவேணி ஸ்பானரின் நுனியில் இரண்டு காலையும் வைத்து உதைக்க வேண்டியிருந்தது. துருப்பொடி கண்ணில் விழுந்தது. ஒரு கண்ணாடி வளையல் உடைந்தது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒருவர் பெயரைச் சொல்லி உதைத்தாள். முதலாவது சூப்பர்வைசர். இரண்டாவதும் மூன்றாவதும் பச்சைத் தாள்காரர்கள். நாலாவது போல்ட்டின் பெயரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அது ஒரே உதையில் இளகியது.

சட்டத்திலும் பாடியிலும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக, பக்கத்துக்கு ஒரு துளை உண்டு. இரண்டும் நேர்ப்படும்போதுதான் கூம்புக் கம்பி உள்ளே போகும். வலது பக்கத்தில் கம்பியைக் கொடுத்து நெம்பினாள். சட்டம் முனகிக்கொண்டே நகர்ந்தது. கம்பி சளக்கென்று இறங்கியது.

"போயிருச்சு டீச்சர்! போயிருச்சு!"

அவ்வளவு நாள் ஆத்திரமும் கைக்கு வந்தது. இனி ஒரு மில்லி நகர விடக்கூடாது என்று அந்தப் பக்கத்துப் போல்ட்டை முறுக்கினாள். முறுக்கினாள். முறுக்கிக்கொண்டே இருந்தாள். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு இடது பக்கம் வந்து கம்பியை வைத்தாள். போகவில்லை. நெம்பினாள். போகவில்லை. சுத்தியலால் தட்டினாள். துளை பாதி பிறை மாதிரி தெரிந்தது. சட்டம் ஒரு பக்கமாகத் திரும்பி, விறைத்துக்கொண்டு நின்றது.

"இந்தப் பக்கம் ஓட்டையே தப்பாப் போட்டிருக்கான் டீச்சர்."

"ஓட்டை மேல பழி போடறதுக்கு முன்னாடி, முதல்ல முறுக்கினதைத் தளர்த்துங்க."

"வலது பக்கமா? அது சரியா உக்காந்திருச்சே!"

"தளர்த்துங்க."

"அரை மணி நேரம் முறுக்கினேன் டீச்சர்!"

"ஒரு போல்ட்டு முழுசா இறுகினா மத்த மூணும் அதுக்கு அடங்கிப் போகும். அடங்கினதெல்லாம் நேரா இருக்குன்னு யாருக்கா சொன்னது?"

அம்சவேணி ஸ்பானரைத் தரையில் எறிந்தாள். எறிந்ததை டீச்சர் எடுத்துத் தரவில்லை. அம்சவேணியே உருண்டுபோய் எடுத்தாள். வலது போல்ட்டைத் தளர்த்தினாள். தளர்ந்த மாத்திரத்தில் சட்டம் அசைந்தது. இடது கம்பி அவள் தொட்டதுமே இறங்கியது.

அதன்பிறகு, கையால் ஆனமட்டும் நாலையும் திருகினாள். பிறகு குறுக்குக் குறுக்காக, இதில் கால் சுற்று, எதிர்மூலையில் கால் சுற்று. போதும் என்ற இடத்தில் "டிக்" என்று சத்தம் போட்டுச் சொல்லும் ஸ்பானர் ஒன்றை டீச்சர் கொடுத்தார். நாலு டிக். குறுக்கு நூலை மறுபடி பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவு.

"ஸ்டீயரிங் வட்டம் இன்னும் லேசாக் கோணி நிக்கும். திங்கக்கிழமை ஒருதரம் அலைன்மென்ட் போட்டுக்கணும். ஆனா இழுக்காது" என்றார் டீச்சர்.

வண்டியை இறக்கிக்கொண்டிருக்கும்போதே நாச்சிமுத்து வந்துவிட்டார். நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. போர்டிகோவில் கிரீஸும் கரியுமாக உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களைப் பார்த்தார்.

"எங்க, அந்த ரெண்டு விரக்கடை எங்க? எங்கக்கா பந்தியில கேட்டுட்டே இருந்தா."

அம்சவேணி எழுந்து நின்றாள். பொய் சொல்ல ஒரு நொடி போதும். அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு விரக்கடை இல்ல. எட்டு மில்லி. செவுத்தை நம்பி அளந்துட்டேன். தப்பு என்னது."

அவர் சிரித்தார். "எட்டு மில்லிக்கா இத்தனை ஆட்டம்?"

"ஏனுங்க, எட்டு மில்லிக்கு ஒரு கல்லைச் செருப்புக்குள்ள போட்டுட்டு அவிநாசிக்கு நடந்து போய்ட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ சொன்னா ஆச்சா? நான் ஓட்டிப் பாத்துச் சொல்றேன்" என்று நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். ஏறினார். கதவைச் சாத்தினார். அம்சவேணி எழுதிய பரீட்சைத்தாளை அவர் திருத்தப் போகிறார்!

ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு வெற்றி.

"போச்சா? இப்ப வலது பக்கம் இழுக்குது!"

அம்சவேணி கையை நீட்டினாள். அந்தக் கை இருந்த இருப்பில் அவர் சாவியைக் கொடுத்துவிட்டார். டீச்சர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நாச்சிமுத்து, "நானும் பாக்கறேன்" என்று பின்னால் ஏறினார்.

மூடிக் கிடக்கும் நூல் மில்லை ஒட்டி ஒரு நேர்ரோடு உண்டு. அங்கே கொண்டுபோனாள். முப்பது வேகம். வண்டி மெல்ல, மிக மெல்ல, வலது பக்கம் போயிற்று. இடப்பக்கம் திருப்பினாள். மறுபடி வலது பக்கம் போயிற்று.

ஒரு நாள் முழுக்கத் தரையில் புரண்டதும், ஊரைக் கூட்டியதும், எல்லாம் இதற்குத்தானா?

"பாத்தியா?" என்றது பின்சீட்டு.

"அக்கா" என்றார் டீச்சர். "கையை எடுங்க."

"எடுத்தா மில்லுச் செவுத்துல போய் முட்டும் டீச்சர்!"

"விரலைப் பிரிங்க போதும். வட்டத்தைத் தொடாதீங்க."

ஆண்டவா என்று பிரித்தாள். ஐந்து மாதமாக வலது பக்கம் ஒடித்தே பழகிய பத்து விரலும் அந்தரத்தில் நின்றன. ஸ்டீயரிங் மெதுவாகத் தானே கொஞ்சம் திரும்பி, லேசாகக் கோணியபடி, அங்கேயே நின்றது. ஒரு மின்கம்பம் போயிற்று. இன்னொன்று போயிற்று. மூன்றாவதும் போயிற்று. ரோட்டோரத்து வெள்ளைக்கோடு விலகவும் இல்லை, நெருங்கவும் இல்லை.

பின்சீட்டிலிருந்து ஒரு தலை இரண்டு சீட்டுக்கும் நடுவே நீண்டது. அந்தரத்தில் நிற்கும் கைகளைப் பார்த்தது. ரோட்டைப் பார்த்தது. தன் மடியில் இருந்த கைகளையும் குனிந்து பார்த்துக்கொண்டது.

அப்போது அவர் போன் அடித்தது. வழக்கம்போல ஸ்பீக்கர்.

"மாமா, பிரதாப்பு பேசறேன். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"

இன்னும் ஒரு கம்பம் போயிற்று.

"வர வேண்டாம்டா" என்றார் நாச்சிமுத்து. "வண்டிய உங்கத்தை ஓட்டிட்டு இருக்கா."

அம்சவேணியின் தொண்டையில் ஐந்து மாதப் பேச்சு வரிசை கட்டி நின்றது. ஒவ்வொன்றையும் இரவுகளில் படுத்துக்கொண்டு செதுக்கி வைத்திருந்தாள். எதை முதலில் எறிவது என்பதுதான் கேள்வி. மூச்சை இழுத்தாள். கழுத்தைப் பின்சீட்டுப் பக்கம் முழுசாகத் திருப்பினாள்.

"ஏனுங்க, இப்பச் சொல்லுங்க..."

"அக்கா" என்றார் டீச்சர். "ரோடு வளையுது. இப்பப் பிடிங்க."